மருத்துவமனையில் மின்னணுப் பதிவு: ஊழியர்கள் சொல்வதும் செய்ய வேண்டியதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காகித கேஸ் ஷீட்டை விட்டுக் கணினிக்கு மாறும் மருத்துவமனைகளில் டாக்டர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், லேப் ஊழியர்கள், பதிவேட்டுப் பிரிவினர் ஆகியோர் எழுப்பும் கேள்விகளும், அவர்களைப் பற்றி நிர்வாகம் எழுப்பும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ‘இந்த சிஸ்டம் வேண்டாம்’ என்று ஓர் ஊழியர் சொன்னால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலை இருக்கிறது. அது எந்த வேலை, யார் தலையில் புதிதாக விழுந்தது என்று தேடிப் பிடித்தால் பாதி எதிர்ப்பு தானே கரைந்துவிடும்.

கேஸ் ஷீட்டை ஸ்கேன் செய்து கணினியில் வைத்தால் அதுவே மின்னணு மருத்துவப் பதிவு ஆகாதா?

ஆகாது. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதில் எழுதியிருக்கும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) அளவைக் கணினி படித்து, போன மாத அளவோடு ஒப்பிட்டு, ‘இந்த மருந்தின் அளவைக் குறையுங்கள்’ என்று சொல்லாது. மின்னணுப் பதிவில் ஒவ்வாமை, நோயறிதல், மருந்தின் பெயர், அளவு, வேளை, ரத்த அழுத்தம், லேப் முடிவு என ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில் உட்காருகிறது. நோயறிதலுக்கு ஐ.சி.டி., லேப் சோதனைகளுக்கு லாயிங்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட், ஸ்கேன் படங்களுக்கு டைகாம், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதற்கு எச்.எல்.7 எனப் பொதுத் தரங்கள் இருக்கின்றன.

ஊழியர்களின் மகிழ்ச்சி, எரிச்சல் இரண்டுக்கும் இந்தக் கட்டங்கள்தான் ஊற்று. கட்டத்தை நிரப்புபவர் ஒருவர், அதனால் பலன் பெறுபவர் வேறொருவர். வார்டில் செவிலியர் பத்து நிமிடம் கூடுதலாகப் பதிந்தால், மருந்தகத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகலாம். மருத்துவமனை மொத்தத்துக்கும் அது லாபம். அந்தச் செவிலியருக்கு நஷ்டம்.

ஊழியர்கள் எதிர்ப்பது கணினி தெரியாததாலா? வயதாகிவிட்டதாலா?

நிர்வாகக் கூட்டங்களில் முதலில் வரும் விளக்கம் இதுதான். மிகக் குறைவாக உதவும் விளக்கமும் இதுதான். தட்டச்சு வேகம், ஆங்கிலப் பழக்கம் போன்றவை உண்மையான தடைகள். ஆனால் அவற்றைப் பயிற்சியால் தீர்க்கலாம்.

ஒரு தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்பது எதனால் என்று ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் வகுத்த மாதிரி இரண்டு கேள்விகளில் நிற்கிறது: இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துவது சுலபமா? வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் அதை விரிவாக்கி, கூட வேலை செய்பவர்களும் மேலதிகாரிகளும் என்ன நினைக்கிறார்கள், தேவையான வசதிகள் இருக்கின்றனவா என்ற இரண்டையும் சேர்த்தார்கள். மருத்துவமனையில் இந்தக் கடைசி அம்சம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வார்டில் வைஃபை அடிக்கடி அறுந்தால், முப்பது படுக்கைக்கு இரண்டு கணினி என்றால், அங்கே எவ்வளவு ஆர்வமுள்ள ஊழியரும் மூன்றாம் நாள் காகிதத்துக்குத் திரும்பிவிடுவார்.

லாகின் ஆக 45 விநாடி ஆகிறது, ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியர் 40 முறை லாகின் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்துக் காத்திருப்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. ‘கணினி பிடிக்கவில்லை’ என்ற முணுமுணுப்பில் பெரும்பகுதி இந்த அரை மணி நேரத்தைப் பற்றியதுதான்.

டாக்டர்களின் முக்கியமான குறை என்ன?

நேரம். அமெரிக்காவில் நான்கு மருத்துவத் துறைகளைச் சேர்ந்த டாக்டர்களை நேரில் கவனித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளியோடு நேரடியாகச் செலவான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போனது தெரியவந்தது. வீட்டுக்குப் போன பிறகு இரவில் செய்த பதிவு வேலை இதற்கு மேல். காகிதத்தில் ‘டேப். பாரசிட்டமால் 500, மூன்று வேளை’ என்று கிறுக்கப் பத்து விநாடி போதும். திரையில் மருந்தைத் தேடி, வடிவத்தைத் தேர்ந்து, அளவு, வழி, வேளை, நாள் என்று நிரப்பி, எச்சரிக்கையைத் தாண்டி, பாஸ்வேர்டைப் போட்டு முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது.

இரண்டாவது குறை, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாதது. ஓ.பி.யில் டாக்டர் திரையைப் பார்த்தபடி கேள்வி கேட்டால், நோயாளி பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். மேசையைத் திருப்பிப் போட்டு, நோயாளியும் டாக்டரும் திரையும் ஒரு முக்கோணமாக அமையும்படி செய்தால் இது கணிசமாகக் குறையும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைப் பல இடங்களில் யாரும் செய்து பார்ப்பதில்லை.

மூன்றாவது குறை, நோயாளியின் கதை தொலைந்துபோவது. ஆம், இல்லை என்ற டிக்குகளாக ஒரு குறிப்பைப் படிக்கும்போது, ‘இவருக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று முந்தைய டாக்டர் நினைத்தார்’ என்பது பிடிபடாது. அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1968-இல் பிரச்சினை வாரியான பதிவு முறையை முன்வைத்தபோது அவர் காக்க விரும்பியது அந்தச் சிந்தனைத் தொடரைத்தான். மதிப்பீட்டுப் பகுதியையாவது டாக்டர் சொந்த வார்த்தையில் எழுதும் கட்டமாக விட்டுவையுங்கள்.

செவிலியர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்களிடம் கலவையான கருத்து இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. கையெழுத்தைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் போன் போடும் வேலை ஒழிந்தது, மருந்துத் தாளை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நகல் எழுதும் வேலை ஒழிந்தது என்பதை முதலில் பாராட்டுபவர்கள் செவிலியர்கள்தான். அதே சமயம் அதிகமான கட்டங்களை நிரப்புவதும் அவர்கள்தான். சேர்க்கையின்போது விழும் ஆபத்து, படுக்கைப்புண் ஆபத்து, வலி அளவு, உணவு நிலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிவங்கள் திறக்கும். அவற்றில் பல, யாரோ ஒரு தணிக்கைக்காகச் சேர்க்கச் சொன்னவை. வார்டில் யாரும் திரும்பப் படிக்காதவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ‘இதை அடுத்து யார் படிக்கிறார்?’ என்று எழுதிப் பாருங்கள். பெயர் வராத கட்டத்தை நீக்கிவிடலாம்.

பார்கோடு முறையில், அதாவது நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் லேபிளையும் ஸ்கேன் செய்து சரிபார்த்து மருந்து கொடுப்பது இன்னொரு சூடான விஷயம். அது பயன் தருகிறதா என்றால், தருகிறது: 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவமனை ஆய்வில், நேரம் தவறுவது தவிர்த்த மற்ற மருந்துப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. ஆனால் ஸ்கேனர் படிக்காத சுருங்கிய லேபிள், நனைந்த கைப்பட்டை, படுக்கை வரை வராத தள்ளுவண்டி, தீர்ந்த பேட்டரி இவையெல்லாம் வரும்போது ஊழியர் மாற்றுவழி தேடுவார். நோயாளியின் பார்கோடை இன்னொரு நகல் எடுத்து வண்டியில் ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வது அப்படிப் பிறந்த பழக்கம். 2008-இல் வந்த ஒரு ஆய்வு இப்படி 15 வகை மாற்றுவழிகளையும் அவற்றுக்கு 31 காரணங்களையும் பட்டியலிட்டது. மெமோ கொடுப்பதால் இது நிற்காது. கைப்பட்டை அச்சடிக்கும் இயந்திரத்தை வார்டிலேயே வைத்து, ஒரு வண்டிக்குக் கூடுதலாக ஒரு பேட்டரி கொடுத்தால் நிற்கும்.

மருந்தகம், லேப், பதிவேட்டுப் பிரிவு ஆகியோரின் கருத்தை யாரும் கேட்பதாகத் தெரியவில்லையே?

கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் ஆதரவு அதிகம், அங்கேதான் நுட்பமான குறைகளும் தெரியும்.

மருந்தாளுநர் முதலில் சுட்டிக்காட்டும் சிக்கல் ஒன்று: டாக்டர் காலை 10 மணிக்கு ஓர் ஆன்டிபயாட்டிக்கை ‘தினம் ஒரு வேளை’ என்று பதிகிறார். மென்பொருளில் அந்த வேளைக்கு முன்னிருப்பு நேரம் (வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் நேரம்) காலை 8 மணி. முதல் டோஸ் மறுநாள் காலைக்குப் போய்விடுகிறது. தீவிரத் தொற்று உள்ளவருக்கு 22 மணி நேரம் மருந்து இல்லை. யாரும் தவறு செய்யவில்லை, எல்லாம் ‘சரியாக’ நடந்தது. ‘முதல் டோஸ் இப்போதே’ என்ற தேர்வை முன்னிருப்பாக வைத்தால் இது தீரும். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் பட்டியலில் அடுத்தடுத்து வருவது, ஒரே மருந்து ஐந்து வடிவங்களில் வரிசையாக நிற்பது ஆகியவையும் அவர்கள் கண்ணில் படும்.

லேப் ஊழியருக்கு முக்கியம், மாதிரி எடுத்த நேரம். வார்டில் ரத்தம் எடுப்பதற்கு முன்பே ‘எடுத்தாயிற்று’ என்று டிக் போட்டு லேபிள்களை மொத்தமாக அச்சடித்துவிட்டால், நேரம் பொய்யாகும். குழாய்களில் லேபிள் மாறி ஒட்டவும் வாய்ப்பு உண்டு. படுக்கையருகே அச்சடிக்கும் சிறிய பிரிண்டர் இதற்கு வழி.

பதிவேட்டுப் பிரிவினருக்கு இருப்பது வேலை போய்விடும் என்ற அச்சம். அதைச் சுற்றிவளைக்காமல் பேசுங்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டுபிடித்து இணைப்பது, நோய்க் குறியீடு இடுவது, பதிவுகளின் தரம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. மாற்றம் தொடங்கும் முன்பே இதை எழுத்தில் கொடுத்தால், திட்டத்தின் உறுதியான ஆதரவாளர்கள் அவர்களே.

ஊழியர்களின் கருத்தை எப்படிக் கேட்பது? ஒரு கூகுள் படிவம் அனுப்பினால் போதுமா?

படிவம் ஒரு பகுதிதான். மூன்று வழிகளைச் சேர்த்துச் செய்யுங்கள்.

முதலில் கவனிப்பு. மென்பொருளை வாங்கும் முன்பே, ஒவ்வொரு வார்டிலும் காலை, மாலை, இரவு என மூன்று ஷிஃப்டிலும் ஒருவர் குறிப்பேடோடு நின்று பார்க்க வேண்டும். ஒரு மருந்துச் சுற்று முடிய எத்தனை நிமிடம், ஒரே தகவல் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது, ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேருக்குக் கேஸ் ஷீட் தேவைப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி எண்ணிக்கைதான் அந்த வார்டுக்கு எத்தனை கணினி வேண்டும் என்பதற்கு விடை. படுக்கை எண்ணிக்கையை வகுத்து முடிவு செய்தால் தவறாகவே வரும்.

அடுத்து கேள்வித்தாள். பெயர் கேட்காதீர்கள். பணிப் பிரிவு, அனுபவ ஆண்டுகள், ஷிஃப்ட் வகை போதும். ஐந்து பேருக்கும் குறைவான பிரிவின் முடிவைத் தனியாக வெளியிட வேண்டாம், யார் என்று தெரிந்துவிடும். மென்பொருளின் பயன்பாட்டு எளிமையை அளக்க ‘சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்’ என்ற பத்துக் கேள்வித் தாள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படைக் கேள்விகளின் மதிப்பெண்ணிலிருந்து 1 கழியுங்கள். இரட்டைப்படைக் கேள்விகளின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழியுங்கள். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு ஒரு மதிப்பு கிடைக்கும். 68 சராசரியாகக் கருதப்படுகிறது. அமெரிக்க டாக்டர்களிடம் இதே தாளைக் கொடுத்துக் கேட்ட ஆய்வு 2019-இல் வெளியானபோது, மின்னணுப் பதிவுகளுக்குக் கிடைத்த சராசரி 45.9. உங்கள் மருத்துவமனையில் 45 வந்தால் ‘நம் ஊழியர்கள் மோசம்’ என்ற முடிவுக்குப் போக வேண்டாம். பல டாக்டர்கள் வாழும் உலகம் அதுதான்.

மூன்றாவது, திறந்த கேள்வி. ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டால் ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். ‘நேற்று எந்த வேலையை இரண்டு முறை செய்தீர்கள்? எந்தத் தகவலைத் தேடிக் கிடைக்காமல் விட்டீர்கள்? எதை இன்னும் துண்டுச் சீட்டில் எழுதிவைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். துண்டுச் சீட்டுகளே மென்பொருளில் எது விடுபட்டது என்பதற்கான துல்லியமான வரைபடம்.

தொடங்கும் முன், தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில், பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் என்று மூன்று முறை கேட்க வேண்டும். இடையில் திருப்தி பள்ளத்தில் விழுவது இயல்பு. அந்த ஒரு முடிவை வைத்துத் திட்டத்தையே தீர்ப்பிடக் கூடாது. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல். ‘இதைச் செய்தோம், இதைச் செய்ய முடியாது, காரணம் இது’ என்று இரண்டு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

அவசரமாகத் தொடங்கினால் உண்மையிலேயே நோயாளிக்கு ஆபத்தா, அல்லது ஊழியர்கள் பயமுறுத்துகிறார்களா?

ஆபத்து உண்மை. 2005-இல் பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வை இந்தத் துறையில் யாரும் மறக்க முடியாது. வேறு இடங்களிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காக மாற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம், கணினி வழியாக மருந்து, சோதனை ஆணைகள் இடும் முறை வந்த பிறகு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும்வரை ஆணை இட முடியவில்லை, முன்பு ஆம்புலன்ஸ் வரும்போதே மருந்து தயாராகிவிடும். விநாடிகளில் எழுதிய ஆணைக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆனது. மருந்துகள் வார்டிலிருந்து மைய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. படுக்கையருகே இருக்க வேண்டியவர்கள் கணினி முன்பு நின்றார்கள்.

அடுத்த ஆண்டே, சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை இதே வகை மென்பொருளை நிறுவியும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடவில்லை என்று அறிவித்தது. நிறுவும் விதத்தில்தான் வேறுபாடு. அவசரச் சிகிச்சைக்கான ஆணைத் தொகுப்புகளை முன்கூட்டியே தயார் செய்து, நோயாளி வருமுன்னே தற்காலிகப் பதிவு திறக்கும் வழி வைத்து, உயிர்காக்கும் மருந்துகளை வார்டிலேயே விட்டுத் தொடங்குங்கள். ‘இதனால் தாமதமாகும்’ என்று தீவிர சிகிச்சைச் செவிலியர் சொன்னால், அந்த வாக்கியம் பதிவேட்டில் ஏறி, அதற்குப் பெயரோடு ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட வேண்டும்.

தொடங்கும் நாளுக்கு என்ன ஏற்பாடு?

ஓ.பி. முன்பதிவை முதல் வாரம் பாதியாகவும் இரண்டாம் வாரம் முக்கால் பங்காகவும் குறையுங்கள். இதைக் குறைக்க மனமில்லாத நிர்வாகம், வரிசையில் நிற்கும் நோயாளிகளின் கோபத்தை முன்மேசை ஊழியர் தலையில் கட்டுகிறது. புதிய பயிற்சி டாக்டர்கள் சேரும் மாதம், ஆண்டுக் கணக்கு முடியும் வாரம், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும், இரவு உட்பட, சிஸ்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் குறைந்தது இரண்டு வாரம் நிற்க வேண்டும். அவருக்கு நோயாளிப் பொறுப்பு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டுமே கெடும்.

புகார்களை ஒரே பட்டியலில் ஏற்றி, நோயாளிக்கு ஆபத்து, வேலை நிற்கிறது, தொந்தரவு என மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகைக்கு அன்றே தீர்வு அல்லது அந்த வசதியை நிறுத்திவைத்தல். வேறு வழியே கிடையாது.

பயிற்சி எவ்வளவு நேரம், எப்போது?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம். தொடங்கும் நாளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்தால் மறந்துபோகும். பணி நேரத்துக்குள் நடத்த வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்தவரைக் காலையில் உட்காரவைத்தால் அவர் தூங்குவார், அது அவர் குற்றம் ஆகாது. மெனுக்களை வரிசையாகக் காட்டும் பாடம் பயனற்றது. ‘மார்புவலியோடு வந்தவரைச் சேர்த்து, ட்ரோபோனின் (மாரடைப்பைக் கண்டறியும் ரத்தச் சோதனை) கேட்டு, முதல் டோஸ் கொடுத்து, ஷிஃப்ட் ஒப்படைப்பு வரை செய்’ என்று போலி நோயாளியை வைத்துப் பழக்குங்கள். தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் இரண்டாவது பயிற்சி ஒன்று அவசியம். சுருக்குவழிகள், சொந்த வார்ப்புருக்கள் (முன்கூட்டியே தயாரித்த குறிப்பு மாதிரிகள்) எல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

எச்சரிக்கைப் பெட்டிகள் தொல்லை என்கிறார்கள். அணைத்துவிடலாமா?

முழுவதும் அணைக்கக் கூடாது, குறைக்க வேண்டும். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறக்கணிக்கப்படுவதாக 2006-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. பாரசிட்டமால் மாத்திரையும் ஊசியும் ‘தேவைப்பட்டால்’ என்று சேர்ந்து இருந்தாலே இரட்டை மருந்து என்று அலறும் சிஸ்டத்தில், உயிரைக் காக்கும் எச்சரிக்கையும் அதே வேகத்தில் மூடப்படும்.

மருந்தாளுநர், டாக்டர், செவிலியர் கொண்ட சிறு குழு மாதம் ஒருமுறை, அதிகம் ஒலித்த இருபது எச்சரிக்கைகளையும் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் தாண்டப்பட்டது என்பதையும் பார்க்கட்டும். பத்தில் ஒன்பது முறை தாண்டப்படுவதை, வேலையை நிறுத்தாத சிறு குறியாக மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். பதிவான ஒவ்வாமை, குழந்தைகளுக்கான அதிகபட்ச அளவு, கீமோதெரபி அளவு, உயிருக்கு ஆபத்தான மருந்து மோதல் ஆகியவை மட்டும் கையை நிறுத்தட்டும்.

காப்பி–பேஸ்ட் செய்வதைத் தடை செய்யலாமா?

தடை வேலை செய்யாது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனையின் தினக் குறிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், எழுத்துகளில் 18 சதவீதமே கையால் தட்டப்பட்டவை. 46 சதவீதம் நகல், 36 சதவீதம் தானாக இழுக்கப்பட்டவை. ஆபத்து என்னவென்றால், மூன்றாம் நாள் எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய் பத்தாம் நாள் குறிப்பிலும் ‘உள்ளது’ என்று தொடரும். நகல் வந்த வரிகளை வேறு நிறத்தில் காட்டும் வசதி இருந்தால் இயக்குங்கள். லேப் முடிவுகள் முழுவதையும் குறிப்புக்குள் இழுக்கும் வார்ப்புருவை நீக்குங்கள். அவை ஏற்கெனவே ஒரு கிளிக்கில் இருக்கின்றன.

ஆள் மாறிப் பதிவது கணினியிலும் நடக்குமா?

நடக்கும். காகிதத்தில் கேஸ் ஷீட் படுக்கையோடு இருந்தது. திரையில் எல்லா நோயாளிகளும் ஒரே போலத் தெரிவார்கள். ஒருவருக்கு மேல் பதிவுகளை ஒரே நேரத்தில் திறக்கவிடாமல் வரம்பு வையுங்கள், புகைப்படத்தைப் பெரிதாகக் காட்டுங்கள். பிறந்த குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: எல்லாரும் தாயின் பெயரில் ‘இன்னாரின் குழந்தை’ என்று பதிவாவதால், இரட்டையர் என்றால் குழப்பம் உறுதி. தாயின் முழுப்பெயரோடு பால், பிறந்த வரிசை எண் ஆகியவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே சேர்க்கும் விதியை மகப்பேறு வார்டில் கட்டாயமாக்குங்கள்.

சிஸ்டம் நின்றுபோனால்?

ஊழியர்கள் கேட்பதில் மிக நியாயமான கேள்வி. 2017 மே மாதம் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் தாக்குதலில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிப்போட நேர்ந்தது. மின்தடை, சர்வர் பழுது, மென்பொருள் மேம்படுத்தல் எனச் சிறிய நிறுத்தங்கள் எங்கும் வரும்.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்: வெற்று மருந்துத் தாள், நாடி–ரத்த அழுத்தத் தாள், லேப் வேண்டுகோள், ரத்தம் கேட்கும் படிவம், டிஸ்சார்ஜ் படிவம், தற்காலிக நோயாளி எண்கள் அச்சிட்ட லேபிள்கள், முக்கியத் தொலைபேசி எண்கள். யு.பி.எஸ். இணைத்த ஒரு கணினியும் பிரிண்டரும், கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை அந்த வார்டின் மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமைகளையும் உள்ளேயே சேமித்துவைக்க வேண்டும். நெட்வொர்க் இல்லாமலும் அது அச்சடிக்கும். எத்தனை நிமிடம் நின்றால் காகிதத்துக்கு மாறுவது, அதை யார் அறிவிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சிஸ்டம் திரும்பிய பிறகு வரும் குழப்பம்தான் பெரிது. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். கொடுத்த மருந்துகள், புதிய ஒவ்வாமை, புதிய ஆணைகள், சேர்க்கை–இடமாற்றம் ஆகியவை மட்டும் உடனே பதிவாகட்டும். மற்றவை ஸ்கேன் ஆகி இணைந்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை, அதில் ஒன்று இரவில்.

ஒரே பாஸ்வேர்டை வார்டே பயன்படுத்துகிறது. எப்படி நிறுத்துவது?

லாகின் மெதுவாக இருப்பதும், புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு திறக்கப் பல நாள் ஆவதும்தான் இதன் வேர். முதல் நாள் காலையிலேயே கணக்கு தயாராக இருக்கட்டும். அடையாள அட்டையைத் தட்டினால் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை சாத்தியமானால் அதற்குச் செலவிடுங்கள். பிறர் பெயரில் பதிவானது நாளை நீதிமன்றத்தில் அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் கேள்வியாக வரும் என்பதை ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று பதிவாகிறதாமே. நம்மைக் கண்காணிக்கவா?

பதிவாகும், நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அது தேவை. பிரபலமானவரின் அல்லது சக ஊழியரின் பதிவைக் காரணமின்றித் திறப்பவரை வேறு எப்படியும் பிடிக்க முடியாது. ஆனால் அதே பதிவை வைத்து ‘மருந்தை 20 நிமிடம் தாமதமாகக் கொடுத்தாய்’ என்று தண்டிக்கத் தொடங்கினால், அடுத்த நாளிலிருந்து எல்லா மருந்தும் சரியான நேரத்தில் கொடுத்ததாகவே பதிவாகும். உண்மையான நேரம் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பதிவை எதற்குப் பார்ப்போம், எதற்குப் பார்க்க மாட்டோம் என்று ஊழியர் பிரதிநிதிகளோடு பேசி எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கொஞ்ச காலம் காகிதமும் கணினியும் சேர்ந்து ஓடட்டும் என்கிறார்களே?

வாரக்கணக்கில் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்து ஆணைகள் ஒரு நாள்கூட இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. ஒன்றில் நிறுத்திய மருந்து மற்றொன்றில் தொடரும், அல்லது இரண்டையும் பார்த்து இரண்டு டோஸ் போகும். வார்டு வார்டாக மாறலாம். ஒரு வார்டுக்குள் பாதிப் பாதி வேண்டாம். மாறாத வார்டுக்கு நோயாளியை அனுப்பும்போது, அப்போதைய மருந்துப் பட்டியலை அச்சிட்டு, இரு செவிலியர்கள் சேர்ந்து சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும்.

பழைய கோப்புகள் அனைத்தையும் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். தொடர்ந்து வரும் நோயாளிகளுக்கு ஒவ்வாமை, நாள்பட்ட நோய்கள், தற்போதைய மருந்துகள், அறுவை சிகிச்சைகள், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை மட்டும் அடுத்த வருகைக்கு முன் பதிவேட்டுப் பிரிவு ஏற்றட்டும். மருந்தையும் ஒவ்வாமையையும் டாக்டரோ மருந்தாளுநரோ நோயாளியிடம் கேட்டு உறுதி செய்த பிறகே அது செல்லும். மற்ற காகிதங்கள் சட்டம் சொல்லும் காலம்வரை அறையில் இருக்கலாம்.

சிறிய மருத்துவமனை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய ஆள் இல்லை. எதில் தொடங்குவது?

நோயாளிப் பதிவும் தனி எண்ணும் முதலில். அது சுத்தமாக இல்லாவிட்டால் மேலே கட்டுவதெல்லாம் சரியும். அடுத்து லேப் முடிவுகளைத் திரையில் காட்டுங்கள். இதில் டாக்டரும் செவிலியரும் எதையும் கூடுதலாகப் பதிய வேண்டியதில்லை, பலன் மட்டும் அன்றே கிடைக்கும். ஊழியர்கள் தாங்களாகவே கணினியைத் தேடி வரும் பழக்கம் இங்கே உருவாகிறது. பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி, அதன்பின் மருந்து ஆணைகள், பார்கோடு. டாக்டர்களின் விரிவான தினக் குறிப்பு கடைசியில் வரட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் இரண்டு, மூன்று மாதம் விட்டு, அந்த இடைவெளியில் புதிதாக எதையும் சேர்க்காமல், புகார்ப் பட்டியலை மட்டும் தீர்த்து முடியுங்கள். ‘நோயாளிக்கு ஆபத்து’ என்ற முதல் வகைப் புகார் ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்த கட்டத்தைத் தள்ளிவையுங்கள்.